முப்பத்தொன்றாம் தேதி

ஏழு மணிக்கு
கூடை கூடையாக நண்டு காத்திருக்கும்.
அதற்கு முன் இந்தச் சாவி.

கீலை உப்பு தின்றுவிட்டது,
தோளால் தள்ளினால்தான் கதவு திறக்கும்.
மணிக்கயிறு ஏதோ ஒரு பழைய இழுவலையின் நைலான்.
தெற்குத் தெருவில் பாங்கு முடிந்ததும்
மூன்று முறை இழுப்பேன்.
வருபவர்கள் இருவர்:
ரயில்வேயில் கேட் கீப்பராக இருந்த தியோடர்,
அவரோடு வந்து வாசலில் படுக்கும் நாய்.

பிரசங்க மேடைக்குப் பக்கத்தில் ஒட்டிய தாள்.
தேதிக்கு ஒரு சேகரம், ஓர் ஆயர்,
ஆயரம்மா பெயர் சின்ன எழுத்தில்.
ஒன்றாம் தேதி பேராயர்.
நான்காம் தேதி சாயல்குடி.
அங்கே தண்ணீர் லாரியில் வருகிறதாம்,
எனவே ஆயருக்கும் லாரி ஓட்டுபவருக்கும் சேர்த்து.
ஒன்பது முதுகுளத்தூர்.
கருவேலம் வெட்டும் குடும்பங்கள்,
கரி ஒட்டிய பத்து ரூபாய்க் காணிக்கைகள்.
பன்னிரண்டு, கடலாடிப் பக்கம் ஒரு சபை:
கமிட்டித் தேர்தலுக்குப் பிறகு
ஒரே கதவுக்கு இரண்டு பூட்டு.
பூட்டுகளுக்காக எப்படி ஜெபிப்பது என்று
இன்னும் பிடிபடவில்லை.

பதினேழு, எங்கள் மண்டபம்.
அன்று மட்டும் நான் எதுவும் கேட்பதில்லை.
கமுதியில் ஒரு டீச்சர்,
பரமக்குடியில் தறிச் சத்தத்துக்கு நடுவே ஒருவர்
எங்களைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.
நடுவில் பேசக் கூடாதென்று சும்மா இருப்பேன்.
ஒரு பதினேழில், போன கரண்ட் வந்தது.
இன்னொரு பதினேழில்
கடல் உள்வாங்கி இரண்டு படகு தரைதட்டியது.
தியோடர் கணக்கு வைத்துப் பார்த்துவிட்டு
விட்டுவிட்டார்.

இருபத்துமூன்று.
அருள்திரு லேமுவேல் குணசீலன்.
இங்கே இருந்தபோது
என் தம்பி ரூபனின் பெட்டியை வாசலில் நிறுத்தி
சந்தா பாக்கி எவ்வளவு என்று
பொருளாளரைக் கேட்டவர்.
நாலாயிரத்து இருநூறு.
வெயில் பெட்டியின் மேல் ஏறிக்கொண்டிருந்தது.
நண்டுக் கம்பெனிப் பெண்கள்
முந்தானை முடிச்சை அவிழ்த்தார்கள்.
அதில் பாதிப் பேர் அந்தோணியார் கோயிலுக்குப் போகிறவர்கள்,
ஒருத்தி நூர்ஜமீலா.

பிறகு அவருக்கு மாற்றல் ஆனது.
தாளில் வேறு சேகரத்துக்கு எதிரே அதே பெயர்.
முதல் மாதம்
இருபத்திரண்டிலிருந்து இருபத்துநான்குக்குத் தாண்டினேன்.
தியோடர் இருமினார்.
அடுத்த மாதம் சேகரத்தை மட்டும்.
அதற்கடுத்து ஆயரம்மா பெயரை மட்டும்.
சுகிர்தம், அன்று
பின்வாசல் வழியாக வந்து
என் கையில் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தவள்.

ஆடிக் காற்றில் தாள் கிழிந்து
அவர் பெயர் இருந்த மூலை பறந்துபோனது.
கிழித்தது நான் இல்லை.
பெஞ்சுக்கு அடியில் குனிந்து தேடியது நான்தான்.
சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டினேன்.
இப்போது முழுப் பெயரும் வாசிக்கிறேன்,
அருள்திருவோடு.
மன்னித்தாயா என்று கேட்காதீர்கள்.
வாசிக்கிறேன்.

முப்பத்தொன்று, உலகளாவிய திருச்சபை.
கீழே எங்கோ ஒரு தீவின் பேராயம்.
எழுத்துக் கூட்டித்தான் சொல்கிறேன்,
ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி விழுகிறது.
அந்தத் தீவிலும் ஒருத்தி
மீன்வாடை போகாத கையில் தாளைப் பிடித்து
எங்கள் ஊர்களை வாசித்து வருவாள்.
கீழக்கரையின் ழகரத்தில் தடுக்கி நிற்பாள்.
எப்படியோ தாண்டுவாள்.
அது போதும்.

ஆனால் முப்பத்தொன்று இல்லாத மாதங்கள் ஐந்து.
அப்போதெல்லாம் உலகத் திருச்சபைக்கு விடுப்பா
என்று தியோடர் கேட்டார்.
அதனால் பிப்ரவரி கடைசியில்
மூன்று நாள் பாக்கியையும் சேர்த்து வாசிக்கிறேன்,
வேகமாக, ஒரு கையால் சாவியைத் துழாவியபடி.
கம்பெனி வேன் ஹாரன் அடிக்கிறது.
ஆமென் சொல்லும்போது
நாய் எழுந்து
உடம்பை உதறிக்கொள்கிறது.